அடி வாங்கியதை எழுதி வை, தங்கச்சி

மன்னார்குடியிலிருந்து இங்கிலாந்துக்கு நர்ஸாகப் போய் ஐந்து மாதம்தான் ஆகிறது என்கிறாய். எமர்ஜென்சியில் ஒரு நோயாளி கையைப் பிடித்து முறுக்கிவிட்டார், எழுதிக் கொடுத்தால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா, சமாளிக்கத் தெரியாதவள் என்று பெயர் வருமா என்று கேட்டிருக்கிறாய். லீவில் திருவையாற்றில் அம்மா வீட்டில் இருக்கிறேன். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் எழுதும் சம்பவ அறிக்கைக்கும் உன் விசாவுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பயத்தை விடு.

நானும் உன்னை மாதிரிதான் இருந்தேன். தஞ்சாவூரில் வேலை பார்த்தபோது கேஷுவாலிட்டியில் நோயாளியோடு வரும் கூட்டத்தைப் பார்த்துத்தான் பயம். மருத்துவப் பணியாளர்களைக் காக்க 2008-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் "விடும்மா, போகட்டும்" என்றே பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடு இங்கிலாந்துக்குப் போனேன். முதல் வருடம் குடிபோதையில் இருந்த ஒருவர் தோளில் குத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அதே ஆள் வந்து, கூட வேலை செய்த பெண்ணின் முகத்தில் அடித்தார். நான் எழுதியிருந்தால் அவர் பெயருக்கு எதிரே ஓர் எச்சரிக்கை இருந்திருக்கும், அவள் தனியாக அந்த அறைக்குள் போயிருக்க மாட்டாள். அவளுடைய வீங்கிய உதடு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் இன்றே எழுது. "டேட்டிக்ஸ் போட்டாயா" என்று கேட்பார்களே, சம்பவ அறிக்கையைக் கம்ப்யூட்டரில் பதிவது, அதுதான். "ஆத்திரப்பட்டார்" என்று பூசி மெழுகாதே. இரவு எத்தனை மணி, எந்த அறை, கையில் கேனுலா (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போடும்போதா, எந்தக் கை, பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாம் வேண்டும். கெட்ட வார்த்தை சொன்னாரா? அதே வார்த்தையை எழுது. நமக்குக் கை கூசும், பரவாயில்லை. மணிக்கட்டில் விரல் தடம் இருந்தால் மறைவதற்குள் போட்டோ எடுத்து வை.

நினைவு தடுமாறிய முதியவர் என்றால் "பாவம்" என்று தோன்றும். அப்போதும் எழுதத்தான் வேண்டும். அவரைத் தண்டிக்க இல்லை, அடுத்த ஷிப்டில் இரண்டு பேராகப் போவதற்கு.

சுயநினைவோடு அடித்தவர் என்றால் போலீசிலும் சொல்லலாம். அவசரப் பணியாளர்களைத் தாக்குவோருக்கென்றே அங்கே 2018-ல் சட்டம் வந்தது, நர்ஸும் அதில் அடக்கம். 2022-ல் அதிகபட்சத் தண்டனையை ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடமாக்கினார்கள். காயத்தால் 7 நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால், அதை அரசுக்குத் தெரிவிப்பது ஆஸ்பத்திரியின் கடமை.

சார்ஜ் நர்ஸ் "இதெல்லாம் சகஜம்" என்றால் அவருக்கு மேலே இருக்கும் மேட்ரனிடம் போ. யூனியனில் சேரவில்லையென்றால் இந்த வாரமே சேர்.

அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாமென்று நினைக்கிறாய், சரி. என்னிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன். அதுவரை காத்திருக்காதே, நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்ததும் கூப்பிடு, ஃபார்மை போனிலேயே ஒன்றாக நிரப்பலாம்.