பூட்டை அறுத்து நாயைத் தூக்கிப் போனால் அது ‘மீட்பு’ ஆகிவிடுமா?

கேள்வி: வக்கீல் சார், பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் வளர்த்துக் குட்டிகள் விற்கிறேன். மொத்தம் 11. போன மாதம் ஒரு ஞாயிறு ராத்திரி 2 மணிவாக்கில் நாலைந்து பேர் சுவரேறிக் குதித்து, ஷெட் பூட்டை அறுத்து, ஒரு தாய் நாயையும் அதன் குட்டிகள் இரண்டையும் தூக்கிப் போய்விட்டார்கள். மறுநாள் அதையே ‘மீட்பு’ என்று வீடியோ போட்டார்கள். அடுத்த நாள் பதினைந்து பேர் கேட் முன்னால் பதாகையோடு நின்றார்கள். 100-க்குப் போன் அடித்தேன். வந்த போலீஸ் அவர்களை வேனில் ஏற்றிப் போய்ச் சாயங்காலமே விட்டுவிட்டது. என் புகாருக்கு சிஎஸ்ஆர் மட்டும் கொடுத்து, ‘பேசி முடிச்சுக்குங்க’ என்கிறார்கள். இப்போது ‘விலங்கு நல அதிகாரி’ என்று ஒருவர் பேசுகிறார். வைத்தியச் செலவு 40,000 ரூபாய் கொடுத்தால் நாய்கள் வருமாம், இல்லாவிட்டால் என்மேல் வதை வழக்காம். நாய் வளர்ப்புக்கான பதிவு என்னிடம் இல்லை. என்னைக் கைது செய்வார்களா? நாய்கள் திரும்பக் கிடைக்குமா? தாயையும் குட்டிகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்களா என்றுகூடத் தெரியவில்லை.

பதில்: முதலில் அந்த 40,000. கொடுக்காதீர்கள். ‘சரி, 25,000 தருகிறேன்’ என்று பேரமும் பேசாதீர்கள். பணத்தை வாங்கும்போது கூடவே ஒரு வெள்ளைத்தாளில் ‘இனிமேல் நாய்களைக் கொடுமைப்படுத்த மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் வாங்குவார்கள். அடுத்த வீடியோவில் காட்டப்போவது அந்தத் தாளைத்தான். அதற்கப்புறம் எந்த ஸ்டேஷனிலும் உங்கள் திருட்டுப் புகார் நிற்காது.

ஆமாம், திருட்டு. தயங்காமல் அந்தச் சொல்லையே புகாரில் எழுதுங்கள். ‘விற்று லாபம் பார்க்கவில்லையே, காப்பாற்றத்தானே எடுத்தோம்’ என்று அவர்கள் சொல்வார்கள். எடுத்தவனுக்கு லாபம் இருந்தால்தான் திருட்டு என்று சட்டம் சொல்லவில்லை. உடையவனுக்கு அநியாயமாக நஷ்டம் வரட்டும் என்ற எண்ணத்தோடு எடுத்தாலே போதும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ம் பிரிவைப் புரட்டினால் திருட்டுக்கு ஒரு வரிசை உதாரணங்கள் இருக்கும். 1860-ம் வருஷத்துச் சட்டத்திலிருந்து அப்படியே வந்தவை. அதில் ஒன்று நாயைப் பற்றியது: ஒருவன் பையில் தீனியை வைத்துக்கொண்டு அடுத்தவன் நாயைத் தன் பின்னால் வரவைக்கிறான், அந்த நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கிய அந்த நொடியே திருட்டு முடிந்துவிட்டது. இன்னொன்று உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கும்: ஒரு பொருளை எடுத்து வைத்துக்கொண்டு, திருப்பித் தருவதற்குக் காசு கேட்கும் எண்ணம் இருந்தால் அதுவும் திருட்டுதான். அடுத்த முறை ஸ்டேஷனுக்குப் போகும்போது இந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் ‘எங்களுக்குத் தெரியாதா’ என்பார்கள். தாளைக் காட்டினால் வாங்கிப் படிப்பார்கள்.

இப்போது சிஎஸ்ஆர் விவகாரம். அது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது. வழக்கு அல்ல. அதன் பேரில் யாரையும் விசாரிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, நாயைத் தேட வேண்டிய கட்டாயமும் இல்லை. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது. சொல்லி என்ன? நம் ஊர் ஸ்டேஷன்களில் இன்னமும் சிஎஸ்ஆர்தான் முதல் மருந்து, பல சமயம் கடைசி மருந்தும் அதுதான்.

புதுச் சட்டம் வந்த பிறகு இதற்கு இன்னொரு சாக்கும் சேர்ந்திருக்கிறது. ‘14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ணிட்டுத்தான் போடுவோம்’ என்பார்கள். அந்த 14 நாள், 3 வருஷத்திலிருந்து 7 வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும். அதற்கும் டிஎஸ்பியின் முன் அனுமதி வேண்டும். பொருள் வைத்துப் பூட்டும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டுக்குப் பிரிவு 305, தண்டனை 7 வருஷம் வரை. சூரியன் மறைந்த பிறகு பூட்டை உடைத்து உள்ளே புகுந்து திருடினால் பிரிவு 331(4), 14 வருஷம் வரை. இரண்டுமே அந்த 14 நாள் கணக்குக்குள் வராது. ஆகவே உங்கள் ஷெட்டுக்குச் சுவரும் கூரையும் கதவும் பூட்டும் உண்டு என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். வெறும் கம்பிவலைக் கூண்டு என்று எழுதிவிட்டால் சாதாரண அத்துமீறல் என்று 3 மாதத் தண்டனைப் பிரிவில் தள்ளிவிடுவார்கள்.

அதைவிட முக்கியம் விலை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஸ்டேஷனில் என் கட்சிக்காரருக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரைட்டர் புகாரை வாங்கி எழுதுகிறார்: ‘நாட்டு நாய் 2, மதிப்பு சுமார் ரூ.1,500.’ அவை ராஜபாளையம் நாய்கள் ஐயா என்றேன். ‘ரோட்ல சும்மாவே திரியுதுங்களே சார்’ என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். மனிதருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அன்றைக்கு அது வெறும் எரிச்சல். இன்றைக்கென்றால் வழக்கே போயிருக்கும். புதுச் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் கீழே உள்ள சாதாரணத் திருட்டு, மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் தொட முடியாத வகைக்குப் போய்விட்டது. ஆகவே எந்த இனம், எத்தனை வயது, கடைசியாக ஒரு குட்டியை என்ன விலைக்கு விற்றீர்கள், அந்தப் பணம் வந்த ஜிபே பதிவு, தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் போட்டிருந்தால் அந்த எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். விலையை நீங்கள் எழுதாவிட்டால் ரைட்டர் எழுதுவார்.

கேட் முன்னால் நின்றவர்களைப் பற்றிக் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அமைதியாக நின்று கோஷம் போடுவது அவர்கள் உரிமை. அதை விட்டுவிடுங்கள். வழியை மறித்திருந்தால், வண்டியை விடாமல் நின்றிருந்தால், அது வேறு. அதை வீடியோ எடுத்து வைத்திருந்தால் கொடுங்கள். வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, சாம்பார் சாதம் கொடுத்துச் சாயங்காலம் அனுப்பியதைப் பார்த்து ‘கைது செய்தார்கள்’ என்று நினைத்திருக்கிறீர்கள். அது ரோட்டில் கூட்டத்தைக் கலைப்பதற்கான முன்னெச்சரிக்கை நடவடிக்கை. உங்கள் நாய் காணாமல் போனதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போலீஸுக்கு அன்றைக்குத் தேவை மாலைக்குள் ரோடு காலியாக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு தரப்பையும் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் நிறுத்தி ‘அமைதியாக இருப்பேன்’ என்று பிணைப்பத்திரம் வாங்கும் வேலையும் அடுத்து நடக்கலாம். அது வந்தால், ‘நான் புகார் கொடுத்தவன், தகராறு செய்தவன் அல்ல’ என்று எழுத்தில் பதில் கொடுங்கள். கூப்பிட்டார்கள் என்று சும்மா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள்.

இனி ‘விலங்கு நல அதிகாரி’. கழுத்தில் பட்டை, அதில் தொங்கும் அட்டை, அசோகச் சக்கரம் மாதிரி ஏதோ ஒரு முத்திரை. இந்த அட்டையைக் கண்டு பயந்து பணம் கொடுத்த கறிக்கடைக்காரர்களை, வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கௌரவப் பதவி வைத்திருக்கும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது, பார்த்ததைப் போலீஸிடமோ கால்நடை மருத்துவரிடமோ புகாராகக் கொடுப்பது. ‘கௌரவ’ என்ற சொல் அட்டையில் இருந்தால், சுவரேறும் அதிகாரம் அதில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசும்போது பெயர், பதவி, எந்த அரசாணையின் கீழ் நியமனம் என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள். உங்கள் பெயரைக் கெடுத்துவிடுவேன், வழக்குப் போடவைப்பேன் என்று மிரட்டிக் காசு கேட்பது பிரிவு 308. அரசு அலுவலர் என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வது பிரிவு 204. அந்த அழைப்புகளையும் புகாரில் சேருங்கள்.

இன்னொரு ஆளும் வருவார், அல்லது ஏற்கெனவே வந்திருப்பார். ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் நிற்பவர். ‘இன்ஸ்பெக்டர் நம்ம ஆளு, பத்தாயிரம் கொடுங்க, எஃப்ஐஆர் வாங்கித் தரேன்’ என்பார். எஃப்ஐஆர் நகல் உங்களுக்கு இலவசமாகத் தரவேண்டியது. அதை விலைக்கு வாங்காதீர்கள்.

உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். மிருகவதைத் தடைச் சட்டம் 1960-ல் வந்தது. அடைத்து வைத்தது, போதிய தீனி தண்ணீர் தராதது போன்ற பிரிவு 11 குற்றங்களுக்கு முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய். 50 ரூபாய்! டீயும் வடையும் இரண்டு பேர் சாப்பிட முடியாது. இந்தத் தொகையை இத்தனை வருஷமாக மாற்றாமல் வைத்திருப்பதால்தான் ஒரு பக்கம் கொடுமைக்காரன் சிரிக்கிறான், இன்னொரு பக்கம் நல்ல எண்ணம் உள்ள இளைஞர்கள் பூட்டை அறுக்கக் கிளம்புகிறார்கள். நான் இரண்டு தரப்புக்கும் ஆஜராகியிருக்கிறேன். அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். உங்கள் விஷயத்துக்கு வேண்டியது இதுதான்: இந்தக் குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் உங்களைக் கைது செய்ய முடியாது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் அதற்கப்புறம் தொடரவும் முடியாது.

ஆனால் உங்களைப் பிடிக்க முடியாதவர்கள் உங்கள் நாயைப் பிடிக்கலாம். இதை நிதானமாகப் படியுங்கள், பலர் தடுமாறும் இடம் இதுதான். அதே சட்டத்தின் 34-ம் பிரிவு, ஒரு பிராணிக்கு எதிராகக் குற்றம் நடந்திருக்கிறது, நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் அதைக் கைப்பற்றி, பக்கத்து மாஜிஸ்திரேட்டிடமோ கால்நடை மருத்துவரிடமோ பரிசோதனைக்குக் கொண்டுபோக அனுமதிக்கிறது. யாருக்கு? கான்ஸ்டபிளுக்கு மேல் பதவியில் உள்ள போலீஸுக்கு. அல்லது மாநில அரசு இதற்கென்றே அதிகாரம் கொடுத்த ஆளுக்கு. தனியார் அமைப்பு அந்தப் பட்டியலில் இல்லை. நாளைக்கே எஸ்ஐ ஒருவர் கால்நடை மருத்துவரோடு வந்து மிச்சமுள்ள எட்டு நாய்களைப் பார்க்க வேண்டும் என்றால் மறிக்காதீர்கள், கேட்டைத் திறந்துவிடுங்கள். எடுத்துப் போனால் பட்டியலிட்டு ரசீது கேளுங்கள். அவருக்குப் பின்னால் கேமராவோடு நாலு பேர் நுழைந்தால், ‘ஐயா நீங்க வாங்க, இவங்க வெளியே நிக்கட்டும்’ என்று மரியாதையாகச் சொல்லலாம். அப்படி முறையாக எடுத்துப்போன நாய்க்குத்தான் பராமரிப்புச் செலவு உங்கள் தலையில் விழும். அதற்கும் மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த விகிதம் என்று ஒன்று உண்டு. போனில் ஒருவர் சொல்லும் 40,000 எந்த விகிதத்திலும் இல்லை.

பதிவு இல்லாததை மறைக்க வேண்டாம். நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் 2017-ல் வந்துவிட்டன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும், 8 வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக்கூடாது. இத்தனை வருஷம் பதியாமல் இருந்தது உங்கள் தப்பு. இன்றைக்கே விண்ணப்பியுங்கள். அதற்காக உங்கள் வீட்டுச் சாவி ஊராருக்குச் சொந்தமாகிவிடாது. அவர்கள் போட்ட வீடியோவை அழிப்பதற்குள் தேதியோடு இறக்கி வையுங்கள். பூட்டை அறுக்கும் காட்சியைத் தாங்களே படம்பிடித்து ஊருக்குக் காட்டும் குற்றவாளி வேறு எந்த வழக்கில் கிடைப்பான்? அதே வீடியோவில் தரையில் கிடக்கும் கழிவும் காலியான தண்ணீர்ச் சட்டியும் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள். அரசுக் கால்நடை மருந்தகத்து மருத்துவரை அழைத்து மிச்ச நாய்களைப் பரிசோதித்துச் சான்று வாங்கி வையுங்கள். சிசிடிவி இருந்தால் பழைய பதிவுமேல் புதிது ஏறுவதற்குள் தனியாக எடுத்துவிடுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது. எஃப்ஐஆர் போட மறுத்தால், புகாரை மாவட்ட எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், பிரமாண வாக்குமூலத்தோடு, பிஎன்எஸ்எஸ் (குற்ற வழக்கு நடைமுறைக்கான புதுச் சட்டம்) 175(3)-ன் கீழ் மனு. எஸ்பிக்கு அனுப்பிய சான்று இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழக்குப் பதிந்து போலீஸ் நாய்களைக் கைப்பற்றிய பிறகு, இடைக்காலமாக உங்களிடம் ஒப்படைக்கக் கேட்டு மனு போடலாம். சட்டத்தின் கண்ணில் நாய் ‘சொத்து’. கேட்கச் சங்கடமாக இருந்தாலும் இப்போது உங்களுக்கு உதவுவது அந்தச் சொல்தான். உங்கள்மேல் வதை வழக்கும் இருந்தால், வழக்கு முடியும்வரை காப்பகத்திலேயே இருக்கட்டும் என்று நீதிமன்றம் சொல்லவும் வாய்ப்பு உண்டு. அந்த இடத்தில்தான் கால்நடை மருத்துவர் சான்றும், பதிவுக்கு விண்ணப்பித்த ரசீதும் பேசும்.

தாயையும் குட்டிகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்களா என்று தெரியவில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். குட்டிகள் எத்தனை நாள் குட்டிகள், பால்குடி மறந்தவையா இல்லையா என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். சொத்து என்று மட்டும் எழுதினால் அடுத்த மாதத்துக்கு வாய்தா விழும். பால்குடிக் குட்டி என்று எழுதினால் அந்த வாரமே எடுத்துக்கொள்வார்கள்.