மகனின் கம்ப்யூட்டரும் மேடவாக்கம் ஃப்ளாட்டும்

கே: பழைய விவரங்களிலிருந்து கம்ப்யூட்டரே கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங்கை வைத்து அடுத்த வருட ஃப்ளாட் விலையைச் சொல்கிறான் மகன். நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா? – வாசகி, மேடவாக்கம்

ப: பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு எந்த விலையை ஊட்டினான்? பத்திரத்தில் இருப்பதா, கைமாறியதா? 2017 ஜூனில் தமிழகத்தில் பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். பதிவுக் கட்டணம் 1-லிருந்து 4 சதவீதமானது. பத்திரத்தில் பலர் அந்த மதிப்பையொட்டியே விலை போடுவதால், பத்திரத்தை மட்டும் படித்த இயந்திரம் சென்னையே சரிந்துவிட்டதாக அலறியிருக்கும். இப்படி விலை திடீரென்று முறிவதற்குக் காரணம் தேட உதவுவது எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரத்தைப் புள்ளிவிவரத்தால் அளக்கும் கலை. வட்டி, வருமானக் கணக்கு அதற்கு. மெட்ரோ தூரம், மாடி, போர்வெல் தண்ணீர் என்று நேர்க்கோட்டில் அடங்காமல் நெளியும் சங்கதிகள் இயந்திரத்துக்கு. இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம், கடைசி இரண்டு வருட விலையை இயந்திரத்திடம் மறைத்துவைத்து, அதைச் சரியாக ஊகிக்கிறதா என்று சோதித்தானா? என் மருமகன் மறைக்கவில்லை. ஏற்கெனவே பார்த்த விலைக்குக் கணக்கு பிரமாதமாகப் பொருந்தியது. அதை நம்பி வாங்கிய பள்ளிக்கரணை மனைதான் நான்கு வருடமாக விற்கவில்லை.