புழுவைத் தாக்குவதா, தாங்குவதா? நோயெதிர்ப்பு குறித்த கேள்விகளும் பதில்களும்

உடலுக்குள் வாழும் புழுக்களை நம் நோயெதிர்ப்பு மண்டலம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பது பற்றி வந்திருந்த கேள்விகளில், ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்து இங்கே விடையளித்திருக்கிறேன். நான் மருத்துவ மாணவர்களுக்கு ஒட்டுண்ணியியல் கற்பிப்பவள். இங்கே சொல்லப்படுபவை விளக்கங்களே. மருந்தின் அளவையும் தேவையையும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: அம்மா, பாக்டீரியாவை வெள்ளையணுக்கள் விழுங்கிவிடும் என்று படித்திருக்கிறோம். ஒரு சாண் நீளமுள்ள புழுவை அவை என்ன செய்ய முடியும்?

விழுங்க முடியாது, விழுங்க முயல்வதும் இல்லை. உருளைப்புழுவின் பெண் 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும். அதை எதிர்க்க வரும் விழுங்கணுவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு அகலமே உடையது. ஆகவே உடல் இங்கே கொல்வதைவிட வெளியேற்றுவதையே முதன்மையாகக் கொள்கிறது. புழு தங்கியிருக்கும் இடத்தை அது தங்க முடியாத இடமாக மாற்றுகிறது.

குடற்சுவரில் சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. சளி தடித்துப் புழுவின் பிடியைத் தளர்த்துகிறது. குடலின் உட்பரப்புச் செல்கள் வழக்கத்தைவிட விரைவாகப் பிறந்து விரைவாக உதிர்வதால், அந்தச் செல்களுக்குள் தலையைப் புதைத்திருக்கும் சாட்டைப்புழு, நிற்கும் தரையே நகர்ந்ததுபோல, குடலின் நடுவெளிக்குத் தள்ளப்படுகிறது. குடல் தசை வலுவாகச் சுருங்குகிறது. திசுக்களிலிருந்து நீரும் கசிகிறது. முற்றத்தில் தண்ணீரைக் கொட்டி விளக்குமாற்றால் தள்ளிவிடுவதைப் போன்ற வேலை இது. இவற்றின் நுணுக்கங்களில் பெரும்பகுதி எலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளிலிருந்து தெரிந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வேலைகளுக்குக் கட்டளையிடுபவை இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-5, இன்டர்லூக்கின்-13 என்னும் செய்திப் புரதங்கள். வெள்ளையணுக்களுள் மற்றவற்றை ஏவும் உதவி டி-செல்களில் இருவகை உண்டு என்பதை எலிச் செல்களைக் கொண்டு மோஸ்மனும் காஃப்மனும் 1986-இல் காட்டினார்கள். அவற்றுள் இரண்டாம் வகையே இந்தப் புரதங்களைச் சுரக்கிறது. இன்டர்லூக்கின்-5 எலும்பு மஜ்ஜையிலிருந்து இயோசினோஃபில்களைப் பெருமளவில் வரவழைக்கிறது. இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஆவலோடு ஏற்கும் இந்த அணுக்களுக்கு 1879-இல் பெயரிட்டவர் பால் எர்லிக். இவை தம் துகள்களில் உள்ள நச்சுப் புரதங்களைத் திசுக்களில் பயணம் செய்யும் இளம்புழுக்களின் தோல்மீது கொட்டுகின்றன. வளர்ந்த புழுவைவிட இளம்புழுவின்மீதே இவற்றின் வலிமை செல்லுபடியாகிறது.

இன்டர்லூக்கின்-4-இன் தூண்டுதலால் உருவாவது ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள். இஷிசாகா தம்பதியர் அமெரிக்காவில் 1966-இல் இதை ஒவ்வாமை நோயாளிகளின் இரத்தத்திலிருந்து இனங்கண்டார்கள். அது திசுக்களில் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்பணுக்களின்மீது ஒட்டிக் காத்திருந்து, புழுவின் புரதம் தொட்டவுடன் அரிப்பையும் கசிவையும் தூண்டும் ஹிஸ்டமினை வெளிவிடச் செய்கிறது. தும்மல், கண்ணீர், அரிப்பு, வயிற்றுப்போக்கு ஆகிய அனைத்தும் எதையோ வெளியே தள்ளும் செயல்களே என்பதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வாமை என்று நாம் வருந்துகிற இந்த ஏற்பாட்டின் பழைய பணிகளுள் புழுவை விரட்டுவதும் ஒன்று என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். என் கருத்தும் அதுவே.

உயிரியல் ஆசிரியர், ஈரோடு: உள்ளே வந்திருப்பது புழு, கிருமி அன்று என்று உடலுக்கு எப்படித் தெரிகிறது?

முதலில் அறிவது இரத்தம் அன்று, குடலின் உட்பரப்பு. அங்கே உச்சியில் மயிர்க்குச்சம் போன்ற இழைகளைக் கொண்ட டஃப்ட் செல்கள் அரிதாகச் சிதறிக் கிடக்கின்றன. பல பத்தாண்டுகளாக இவற்றின் பணி விளங்காமலே இருந்தது. புழு வந்ததும் இன்டர்லூக்கின்-25 என்ற அபாயச் செய்தியை அனுப்புபவை இவையே என்று 2016-இல் ஒரே காலத்தில் மூன்று ஆய்வுக் குழுக்கள் எலிகளில் கண்டறிந்தன. புழு துளைத்துச் சிதைத்த செல்களிலிருந்து இன்டர்லூக்கின்-33 கசிவதும் மற்றோர் அபாயச் செய்தி. இவற்றைப் பெறும் இரண்டாம் வகை இயல்பு நிணவணுக்கள் (முன்பழக்கம் இன்றியே செயல்படும் வெள்ளையணுக்கள்), டி-செல்கள் தயாராகும் முன்பே இன்டர்லூக்கின்-13-ஐச் சுரக்கத் தொடங்கிவிடுகின்றன. அந்த இன்டர்லூக்கின்-13 மேலும் டஃப்ட் செல்களைப் பிறப்பிக்கிறது. அவை மேலும் உரக்க அழைக்கின்றன.

இரண்டு குழந்தைகளின் தாய், தஞ்சாவூர்: இனிப்பு அதிகம் தின்றால் வயிற்றில் பூச்சி உண்டாகும், தூக்கத்தில் பல்லைக் கடித்தால் பூச்சி இருக்கிறது என்கிறார்களே?

இனிப்பிலிருந்து புழு பிறப்பதில்லை. முட்டை கலந்த மண், கழுவாத கை, கழுவாத காய்கறி, கொக்கிப்புழுவானால் மண்ணில் வெறுங்கால் ஆகியவையே வழிகள். பல் கடிப்பது நம்பத்தக்க அடையாளம் அன்று. இரவில் ஆசனவாயில் அரிப்பு இருந்தால் மட்டும் கீரிப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். முட்டையிடுவதற்காக அது அந்த நேரத்தில்தான் வெளியே வருகிறது.

தனியார் நிறுவன ஊழியர், கும்பகோணம்: ஐயா அல்லது அம்மா, எனக்கு மூன்று மாதமாக இரவில் மட்டும் இருமலும் மூச்சிரைப்பும் இருக்கின்றன. இரத்தப் பரிசோதனையில் இயோசினோஃபில் 4,200 என்று வந்திருக்கிறது. ஆஸ்துமாவா, புழுவா?

இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500 வரை இயல்பு. 3,000-க்கு மேல் சென்று, இரவு இருமலும் சேர்ந்து, யானைக்கால் நோய் இருந்த பகுதியில் வாழ்பவராகவும் இருந்தால், வெப்பமண்டல நுரையீரல் இயோசினோஃபிலியா என்ற நிலையை மருத்துவர் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். இதன் வரலாறு நமக்கு அருகிலேயே தொடங்குகிறது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியின் காசநோய் மருத்துவமனையில், காசநோயைப் போலத் தோன்றி, சளியில் காசக்கிருமி இல்லாமல், இயோசினோஃபில் மட்டும் மிகுந்திருந்த நோயாளிகளை ஃபிரிமோட்-மொல்லரும் பார்ட்டனும் 1940-இல் விவரித்தார்கள். 1943-இல் வைன்கார்ட்டன் அதற்கு வெப்பமண்டல இயோசினோஃபிலியா என்று பெயர் வைத்தார். யானைக்கால் புழுவே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

வியப்பு என்னவென்றால், இந்த நோயாளிகளின் இரத்தத்தில் நுண்புழுக்கள், அதாவது யானைக்கால் புழு ஈனும் குஞ்சுகள், தென்படுவதில்லை. அவர்களுடைய எதிர்ப்பு அத்தனை கடுமையாக இருப்பதால், நுண்புழுக்கள் நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கி அழிக்கப்படுகின்றன. அந்த அழிப்பின் அழற்சிதான் இருமல். டைஎத்தில்கார்பமசின் மருந்துக்குப் பெரும்பாலோர் விரைவில் குணமடைகிறார்கள். ஆஸ்துமா என்று மட்டும் எண்ணி ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும். எனவே இந்த இரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு நுரையீரல் மருத்துவரிடம் இந்த வாரமே செல்லுங்கள். உருளைப்புழுவின் இளம்புழுக்கள் நுரையீரலைக் கடக்கும்போதும் இருமலும் இயோசினோஃபில் உயர்வும் வரும். ஆனால் அது ஓரிரு வாரங்களில் தானே அடங்கிவிடும்.

மருந்தாளுநர், புதுச்சேரி: இத்தனை படைகள் இருந்தும் புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளே வாழ்கின்றனவே, எப்படி?

வந்த கேள்விகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுவே. புழு மறைந்தும் வாழ்கிறது, சமாதானம் பேசியும் வாழ்கிறது. மறைவதற்கு ஒரு சான்று: இரத்தக் குழாய்களில் வாழும் ஷிஸ்டோசோமா, நம் சொந்தச் செல்களின் மூலக்கூறுகளைத் தன் மேற்பரப்பில் பூசிக்கொள்கிறது. எலிக்குள் வளர்ந்த புழுக்களை எடுத்து, எலிச் செல்களுக்கு எதிராக முன்பே தடுப்பூட்டியிருந்த குரங்குகளின் உடலில் வைத்தபோது அவை அழிந்துபோனதை ஸ்மிதர்ஸும் டெர்ரியும் 1969-இல் வெளியிட்டார்கள். புழுக்கள் எலியின் போர்வையைப் போர்த்தியிருந்தன என்பது அப்படித்தான் தெரியவந்தது.

சமாதானத்துக்குச் சான்று யானைக்கால் நோய். நுண்புழுக்கள் இரத்தத்தில் நிறைந்திருப்பவர்களில் பலர் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருப்பார்கள். அவர்கள் உடலில் ஒழுங்குபடுத்தும் டி-செல்களும் இன்டர்லூக்கின்-10-உம் ஓங்கி நின்று அழற்சியை அடக்குகின்றன. ஐஜிஇ-க்குப் போட்டியாக ஐஜிஜி-4 என்ற சாந்தமான எதிர்ப்பொருள் மிகுந்து, மாஸ்ட் செல்கள் வெடிக்காமல் தடுக்கிறது. கால் வீங்கிப் பருத்தவர்களிடமோ பெரும்பாலும் நுண்புழு காணப்படுவதில்லை. எதிர்ப்போ கடுமையாக இருக்கிறது. நிணநாளங்கள் சிதைவதில் புழுவுக்கும் பிறகு வரும் பாக்டீரியாத் தொற்றுகளுக்கும் பங்கு இருப்பினும், நம் சொந்த எதிர்ப்பின் பங்கு அதில் பெரிது. ஷிஸ்டோசோமாவிலும் இதே கதைதான்: கல்லீரலைத் தழும்பாக்குவது வளர்ந்த புழு அன்று, அதன் முட்டைகளைச் சுற்றி நம் உடல் எழுப்பும் சுவர்.

ஆகவே உடல் முழு வெற்றியை நாடவில்லை; திசுவைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்குத் தாங்கவும், புதிதாக வருபவற்றை இயன்றவரை தடுக்கவும் முயல்கிறது. அந்த முயற்சியும் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களில் 1980-களில் நடந்த ஆய்வில், உருளைப்புழுக்களில் பெரும்பகுதி ஒரு சிலரின் வயிற்றிலேயே குவிந்திருந்தது. மருந்து கொடுத்து வெளியேற்றிய பிறகு மீண்டும் தொற்றியபோது, முன்பு அதிகம் சுமந்தவர்களே பெரும்பாலும் மறுபடியும் அதிகம் சுமந்தார்கள். பழக்கவழக்கமும் மரபும் எதிர்ப்பும் இதில் பின்னிக் கிடக்கின்றன.

அங்கன்வாடிப் பணியாளர், விழுப்புரம்: பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குழந்தைகளுக்குப் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் கொடுக்கிறோம். அம்மைக்குப் போல ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்ற நிலை புழுவுக்கு ஏன் இல்லை?

மேலே சொன்ன சமாதானமே காரணம். தட்டம்மை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் காக்கும் நினைவு உண்டாகிறது. புழுவுக்கு எதிரான நினைவு அரைகுறையானது, பல ஆண்டுத் தொடர்பில் மெல்ல உருவாவது. உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் பள்ளி வயதில் உச்சத்தைத் தொட்டுப் பெரியவர்களிடம் குறைகின்றன. கொக்கிப்புழுவோ பெரியவர்களிடமும் குறைவதில்லை. மருந்து இருக்கும் புழுவை நீக்கும், அடுத்த முட்டையைத் தடுக்காது. நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பணி, குழந்தையின் குடலையும் இரத்தத்தையும் இடைவெளிகளில் மீட்டுக்கொடுக்கும் அரிய பணி. கழிப்பறையும் செருப்பும் அதை நிலைக்கச் செய்யும்.

மகள், நுவரெலியா: டொக்டர், அப்பா நாற்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். நுரையீரல் நோய்க்கு அவருக்கு ஸ்டீராய்டு தொடங்கப் போகிறார்கள். பழைய புழுத்தொற்று இருந்தால் ஆபத்து என்று ஒரு தாதி சொன்னார். உண்மையா?

உண்மை. அந்தத் தாதியின் விழிப்பைப் பாராட்டுகிறேன். அவர் எண்ணியது ஸ்டிராங்கிலாய்டிஸ் என்னும் நுண்ணிய புழுவாக இருக்கும். ஈரமண்ணில் வெறுங்காலோடு வேலை செய்பவர்களின் தோல்வழியே அது நுழைகிறது. மற்ற குடற்புழுக்களைப் போலன்றி இது மனித உடலுக்குள்ளேயே தன் சுழற்சியை முடித்துக்கொள்ளும். அதனால் தோட்டத்தை விட்டுப் பல பத்தாண்டுகள் சென்ற பிறகும் சிறு எண்ணிக்கையில், நோய்க்குறி ஏதுமின்றி நீடித்திருக்கும். அதைச் சிறு எண்ணிக்கையில் நிறுத்தி வைத்திருப்பது மேலே விளக்கிய இரண்டாம் வகை எதிர்ப்பே.

ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கி, இயோசினோஃபில்களையும் குறைத்துவிடுகிறது. அப்போது இளம்புழுக்கள் கட்டுமீறிப் பெருகி, குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு இரத்தம், நுரையீரல், மூளை உறை என்று பரவக்கூடும். அந்த நிலையில் உயிர் காப்பது கடினம். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு இயோசினோஃபில் இயல்பாக இருப்பதை வைத்துத் தொற்று இல்லை என்று முடிவு செய்யவும் கூடாது. அப்பாவின் தோட்ட வேலை வரலாற்றை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எதிர்ப்பொருள் பரிசோதனை உண்டு. ஐவர்மெக்டின் பொதுவாக நன்கு வேலை செய்யும் மருந்து, ஒரே ஒரு வேளை கொடுக்கும் அல்பெண்டசோல் இதற்குப் போதாது. ஆனால் உயிருக்குத் தேவையான ஸ்டீராய்டை நீங்களாகத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுவது மருத்துவரால் முடியும்.

மென்பொருள் பொறியாளர், சென்னை: புழு இருந்தால் ஒவ்வாமை குறையும் என்று கேள்விப்பட்டேன். புழுவை விழுங்கினால் என் ஆஸ்துமா போகுமா?

தயவுசெய்து விழுங்க வேண்டாம். இந்த எண்ணத்துக்கு அடிப்படை உண்டு என்பதையும் மறைக்கவில்லை. டர்ட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தாமே கொக்கிப்புழுவை ஏற்றுக்கொண்டபோது தம் மகரந்த ஒவ்வாமை அடங்கியதாக 1976-இல் எழுதினார். காபோன் நாட்டில் ஷிஸ்டோசோமா தொற்றிய பள்ளிக் குழந்தைகளின் தோல், தூசிப்பூச்சிக்கு எதிராகக் குறைவாகவே தடித்தது என்று 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது; இன்டர்லூக்கின்-10 அதற்குத் துணைநின்றது. ஆனால் பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளைக் கொண்டு குடல் அழற்சி நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனைகள் நம்பிய பலனைத் தரவில்லை. உருளைப்புழு ஆஸ்துமாவை அதிகப்படுத்துவதோடும் தொடர்புபட்டிருக்கிறது. புழு சுரக்கும் தனித்தனிப் புரதங்களை மருந்தாக்கும் முயற்சியையே நான் ஆவலோடு பார்க்கிறேன்.

தந்தை, வேலூர்: என் மகனுக்கு வலிப்பு வந்தது. மூளையில் நாடாப்புழுக் கட்டி, அது சாகும் நிலையில் இருக்கிறது என்றார்கள். சாகிறதென்றால் நல்லதுதானே, ஏன் வலிப்பு?

உயிரோடு இருக்கும் வரை அந்த நீர்க்கட்டி தன்னைச் சுற்றியுள்ள எதிர்ப்பை அடக்கி வைத்திருக்கிறது. அது நலியத் தொடங்கும்போது அந்த அடக்குமுறை தளர்ந்து, உடல் அதன்மீது பாய்கிறது. அந்த அழற்சியே அருகிலுள்ள மூளைச் செல்களைக் கிளறுகிறது. இத்தகைய ஒற்றைக் கட்டிகள் காசநோய்க் கட்டிகளே என்று முன்பு நம்பப்பட்டது. அவற்றில் பல நாடாப்புழுவினுடையவை என்று நிறுவியதில் உங்கள் ஊரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பெரும்பங்கு உண்டு. பெரும்பாலான ஒற்றைக் கட்டிகள் மாதங்களில் சுருங்கி மறைகின்றன. வலிப்பு மருந்தை மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

கால்நடை மருத்துவ மாணவர், நாமக்கல்: புழுவுக்குத் தடுப்பூசி ஏன் வரவில்லை?

ஆட்டுக்கு வந்திருக்கிறது. இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவுக்கு எதிராக ஆஸ்திரேலியாவில் 2014-இல் பார்பர்வாக்ஸ் என்ற தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது. மனிதர்களுக்கான ஒரு கொக்கிப்புழுத் தடுப்பூசி பிரேசிலில் சோதிக்கப்பட்டபோது, முன்பே தொற்றுக்கு ஆளாகியிருந்தவர்களின் உடலில் அதே புரதத்துக்கு எதிரான ஐஜிஇ காத்திருந்ததால், சிலருக்கு உடனே உடலெங்கும் தடிப்பு ஏற்பட்டது, சோதனை நிறுத்தப்பட்டது. பார்பர்வாக்ஸின் நுட்பம் வேறு: அது புழுவின் குடலுக்குள் இருக்கும் புரதங்களைக் குறிவைக்கிறது. இயல்பான தொற்றில் ஆட்டின் உடல் அவற்றைக் காண்பதே இல்லை. ஊசி போட்ட ஆட்டின் இரத்தத்தைக் குடிக்கும்போது, எதிர்ப்பொருளையும் சேர்த்தே புழு குடிக்கிறது. அதன் செரிமானம் தடைபடுகிறது. மனிதக் கொக்கிப்புழுவும் இரத்தம் குடிப்பதே ஆகையால், அதன் குடலில் இரத்தத்தைச் செரிக்கும் நொதிகளைக் கொண்டு இப்போது தடுப்பூசிகளைச் சோதித்து வருகிறார்கள்.