கேமரா கேள்வி–பதில்: கண்ணாடி போட்டவருக்கு எந்த ஐ-கப்?

சென்ற இதழில், கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னலான வியூஃபைண்டரைச் சுற்றி இருக்கும் ரப்பரை, அதாவது ஐ-கப்பை, சும்மா அழகுக்கு என்று நினைக்காதீர்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கே இத்தனை கடிதங்கள். இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: எனக்கு 54 வயது, தமிழாசிரியை. மூன்று வருடமாக புரோகிரஸிவ் கண்ணாடி போடுகிறேன். என்னிடம் இருப்பது கேனான் 1500டி. வெயிலில் நன்றாகத் தெரியும் என்று கடையில் சொன்னதால் நீளமான, பெரிய ஐ-கப் ஒன்று வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து ஓரங்கள் இருட்டாகத் தெரிகின்றன. கோபுரத்தை எடுத்தால் கலசம் வெட்டுப்படுகிறது. கோளாறு ரப்பரிலா, என் கண்ணிலா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டிலும் இல்லை டீச்சர். கணக்கு இடிக்கிறது, அவ்வளவுதான். வியூஃபைண்டரின் கண்ணாடியிலிருந்து நம் கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் நான்கு மூலையும் தெரியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஐ-பாயின்ட் என்பார்கள். உங்கள் கேமராவில் அது சுமார் 21 மில்லிமீட்டர். மூக்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவில் எப்படியும் 12 முதல் 14 மி.மீ. போய்விடும். கண்ணாடியின் கனத்துக்கு ஒரு 2 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 5 முதல் 7 மி.மீ.தான், ஏறக்குறைய ஒரு பென்சிலின் தடிமன். நீங்கள் வாங்கிய நீள ரப்பர் அந்த இடத்தையும் விழுங்கிவிட்டு, உங்கள் கண்ணை எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது.

கலசத்தை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். 1500டி-யின் வியூஃபைண்டர் காட்டுவது சுமார் 95 சதவீதம். பதிவாகும் படம் நாம் பார்ப்பதைவிடக் கொஞ்சம் அகலமானது. கலசம் உங்களுக்கு முழுசாகத் தெரிந்திருந்தால், அதற்கு மேலே துளி வானமும் சேர்ந்தே படத்தில் விழுந்திருக்கும். வெட்டுப்பட்டது என்றால் மேல் ஓரத்தை நீங்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

கேமராவோடு வந்த இஎஃப் வகை ரப்பரையே திரும்ப மாட்டுங்கள். தொலைந்திருந்தால் அதே வகையைக் கேட்டு வாங்குங்கள். கேனான் என்று மட்டும் சொல்லி வாங்கினால் மாறிப்போகும். 80டி, 6டி போன்றவற்றுக்கு இபி, 7டி, 5டி மார்க் 4 போன்றவற்றுக்கு இஜி. ஒன்று மற்றதில் உட்காராது. நீள ரப்பர்கள் கண்ணாடி போடாதவர்களுக்கு நல்லவைதான், அவர்களுக்கு நானே சிபாரிசு செய்வேன். கண்ணாடிக்காரர்கள் தேட வேண்டியது மெல்லியதும் மிருதுவானதும். வாங்கும்போது ரப்பரின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். காதுமடல் போல மடங்க வேண்டும், நகத்தைப் போல நிற்கக் கூடாது.

விளிம்பைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 19 வயதில் எனக்குக் கண்ணாடி வந்தது. அப்போது கையில் இருந்த ஃபிலிம் கேமராவில் வியூஃபைண்டரைச் சுற்றி வெறும் உலோக வளையம். ரப்பர் மாட்டலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தை மாத முகூர்த்த சீசன் முடிவதற்குள் வலது கண்ணாடியின் நடுவே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்ட வட்டமாகக் கீறல். சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. மணமேடையில் வீடியோ விளக்கு எரிந்ததும் அந்த வட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், மாப்பிள்ளையின் கை எங்கே, பெண்ணின் கழுத்து எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மூன்றாவது முடிச்சைத் தவறவிட்டால் திரும்பக் கேட்க முடியாது. மதுரையில் இருந்து பஸ் ஏறி, சென்னை எல்லிஸ் சாலையில் ஒரு ரப்பர் வளையம் வாங்கி வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கண்ணாடிக்காரர்களின் இந்தப் பாட்டைப் பெரிய கம்பெனிகளும் உணர்ந்திருந்தார்கள். நிக்கான் 1980-ல் எஃப்3 கேமராவைக் கொண்டுவந்தது. இரண்டே வருடத்தில், 1982-ல், எஃப்3 எச்பி என்று இன்னொன்றும் வந்தது. அதில் வியூஃபைண்டரையே மாற்றி, கண்ணை 25 மி.மீ. தள்ளி வைத்தாலும் முழுப் படமும் தெரியும்படி செய்தார்கள். அதற்கு விலையாகப் பிம்பம் கொஞ்சம் சிறுத்தது, 0.8 மடங்கு 0.75 ஆனது. மூலைகள் தெரிவதற்காக அந்தக் குறையை ஏற்றுக்கொண்டார்கள். செய்ய வேண்டிய பேரம் அதுதான் என்பது என் கட்சி.

அப்புறம் ஒரு வேலை பாக்கி. வியூஃபைண்டர் பக்கத்தில் சின்னதாக ஒரு டயாப்டர் சக்கரம் இருக்கும். கேமராவை வெற்றுச் சுவர் பக்கம் திருப்பி, உள்ளே தெரியும் ஃபோகஸ் புள்ளிகளும் எண்களும் கூர்மையாகும் வரை அதைத் திருப்புங்கள். சுவரைப் பார்க்காதீர்கள், புள்ளிகளைப் பாருங்கள். புரோகிரஸிவ் கண்ணாடியில் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிக்க. எப்போதும் மேல்பகுதி வழியாகவே பார்ப்பது என்று வைத்துக்கொண்டு சக்கரத்தையும் அதற்கே சரிசெய்யுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உங்கள் கேமராவின் சக்கரம் மைனஸ் 2.5 முதல் பிளஸ் 0.5 வரைதான் போகும். பவர் அதற்குள் இருந்தால் எடுக்கலாம். கண் டாக்டர் தந்த சீட்டில் 'சிலிண்டர்' என்று கணிசமாக ஓர் எண் இருந்தால் அதை எந்தச் சக்கரமும் சரிசெய்யாது, கண்ணாடியோடுதான் எடுக்க வேண்டும். பக்கவாட்டு வெயிலுக்கு விளிம்பு வைத்த ஒரு துணித் தொப்பி போதும்.

கேள்வி: நான் இடது கண்ணால் பார்த்துத்தான் படம் எடுக்கிறேன். பழக்கத்தை மாற்ற வேண்டுமா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம்மா. எந்தக் கண் முந்துகிறதோ அதிலேயே பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சிறகு போல நீண்ட ஐ-கப் வாங்கினால், சுழற்றி மறுபக்கம் வைக்கக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தச் சிறகு மூக்கில் குத்தும்.

கேள்வி: முக்காலியில் கேமராவை வைத்து, செல்ஃப் டைமர் போட்டுக் குடும்பப் படம் எடுத்தேன். எல்லாரும் கருத்துப்போய் விழுந்திருக்கிறார்கள். அதே இடத்தில் கையில் பிடித்து எடுத்தவை நன்றாக இருக்கின்றன. டிஎஸ்எல்ஆர், அபெர்ச்சர் மோட் (ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்வது).
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருந்திருக்கும், சரிதானே? கையில் பிடித்து எடுக்கும்போது உங்கள் முகமும் ரப்பரும் சேர்ந்து வியூஃபைண்டரை அடைத்திருந்தன. நீங்கள் ஓடிப்போய் வரிசையில் நின்றதும் அந்த வாசல் திறந்துகொண்டது. பின்னாலிருந்து நுழைந்த வெளிச்சம் உள்ளே ஒளியளக்கும் மீட்டரில் விழ, அது இருப்பதைவிட அதிக வெளிச்சம் என்று நம்பி எக்ஸ்போஷரைக் குறைத்துவிட்டது.

என் தங்கை வளைகாப்பில் எனக்கும் இது நேர்ந்தது. பதினோரு பேர், பதினோரு பேரும் நிழலுருவம். அன்று முதல் ஐ-பீஸ் மூடி இல்லாமல் முக்காலியைத் தொடுவதில்லை. உங்களுடையது கேனானாக இருந்தால் கழுத்துப் பட்டையைப் பாருங்கள். அதில் சின்னச் செவ்வக ரப்பர் ஒன்று கோத்திருந்தால் அது இதற்காகத்தான். ஐ-கப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதைச் செருகுங்கள். மூடி இல்லையென்றால் கறுப்புத் துணியைப் போடுங்கள், இல்லை எக்ஸ்போஷரை நீங்களே அமைக்கும் மேனுவல் மோடுக்கு மாறுங்கள். லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையைப் பார்த்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: புதிதாக மிரர்லெஸ் வாங்கியிருக்கிறேன். ஐ-கப் மாட்டியிருந்தால் வெயிலில் வைக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூடவே கூடாது தம்பி. ஐ-கப் கண்ணுக்கு நிழல் தரும், மூடியாகாது. மிரர்லெஸ்ஸில் வியூஃபைண்டருக்குள் ஒரு குட்டித் திரையும், அதைப் பெரிதாக்கிக் காட்டப் பூதக்கண்ணாடி போன்ற லென்ஸும் இருக்கும். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்கள் அல்லவா? வெயில் நேராக உள்ளே இறங்கினால் அந்தக் காகிதத்தின் இடத்தில் இருப்பது அந்தக் குட்டித் திரை.

சித்திரைத் தேரன்று மாசி வீதியில் என் பக்கத்தில் நின்ற ஒரு பையனுக்கு இப்படி ஆனது. கனமான ஜூம் லென்ஸ், கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். லென்ஸ் தன் பாரத்தில் தரையைப் பார்க்க, வியூஃபைண்டர் நேரே வானத்தைப் பார்த்தது. தேர் வந்ததும் கண்ணருகே தூக்கினான். எங்கே திருப்பினாலும் நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி கூடவே வந்தது. துடைத்துப் பார்த்தான், போகவில்லை. அது திரை வெந்த தடம். கேமராவைத் தோளில் குறுக்காக மாட்டி, வியூஃபைண்டர் உடம்புப் பக்கம் இருக்கும்படி பழகுங்கள். முக்காலியில் நிற்கும்போது ஒரு கைக்குட்டையாவது மேலே கிடக்கட்டும்.

கேள்வி: ஐ-கப் அடிக்கடி கழன்று விழுகிறது, பசை போட்டு ஒட்டிவிடலாமா? இன்னொன்று, ஸ்டுடியோவில் மூன்று பேர் ஒரே கேமராவில் வேலை செய்கிறோம். ரப்பரை எப்படிச் சுத்தம் செய்வது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பசை வேண்டாம். உடனே ஒட்டும் பசையிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்துக் கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். வியூஃபைண்டர் பனி மூடியது போலாகிவிடும். காடி தேய்ந்திருந்தால் புது ரப்பர் வாங்குவதே வழி. பையில் இருந்து எடுக்கும்போது உருவிக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தொலைகிறது.

மூன்று பேர் கண் படும் ரப்பர் என்றால் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ஐ தொட்டாலே தொற்றும். முகூர்த்த நாட்களில் ஒருவருக்குக் கண் சிவந்தால் ஸ்டுடியோ முழுக்கச் சிவக்கும். கண் சிவந்தவர் கேமராவையே தொடாமல் இருப்பது உத்தமம். சுத்தம் செய்ய, ரப்பரைக் கழற்றி, ஒரு சொட்டு மிதமான சோப்பு கலந்த தண்ணீரில் விரலால் தேய்த்து அலசினால் போதும். தின்னர், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். கொசு விரட்டும் கிரீம் தடவிய கையோடும் தொடாதீர்கள், சில கிரீம்கள் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் பிசுபிசுக்க வைத்துவிடும். அலசியதை நிழலில் ஒரு ராத்திரி காயவிட்டு மாட்டுங்கள். உள் மடிப்பில் ஈரம் இருந்தால் மறுநாள் காலை முகூர்த்தத்தில் வியூஃபைண்டர் ஆவி பிடித்து நிற்கும்.