கேம் துறைக்குப் போக விரும்பும் மகள்: ஓவியத்தை விடச் சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வீடியோ கேம் உருவாக்கும் துறைக்குப் போக விரும்புகிறாள். ‘கணினி அறிவியல் போதாதா, ஓவியம் எதற்கு?’ என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஓவியத்தை விடச் சொல்லாதீர்கள். கேம்கள் எச்டி என்ற மிகத் தெளிவான திரைத் தரத்துக்கு மாறியபோது நடந்ததைப் பார்த்தால் காரணம் புரியும்.

2005இல் எக்ஸ்பாக்ஸ் 360, அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷன் 3 என்ற கேம் கருவிகள் வந்தன. 640×480 பிக்சல் திரை 1280×720 ஆனது. கணக்குப்படி மூன்று மடங்குதான்; உழைப்போ அந்தக் கணக்கில் அடங்கவில்லை. அதுவரை சுவருக்கு ஒரு செங்கல் படத்தை ஒட்டினால் போதும், மங்கலான திரை மீதியை மறைத்துவிடும். எச்டியில் பூச்சின் விரிசலும், ஈரத்தில் ஒளி படும் விதமும்கூடத் தெரியும். ஒரு கதாபாத்திரத்தைக் கணினியில் மிக நுணுக்கமாகச் செதுக்கி, பிறகு கருவி தாங்கும் அளவுக்கு எளிய வடிவமாக்கி, இழந்த நுணுக்கங்களை ‘நார்மல் மேப்’ என்ற படத்தில் பதிந்து அதன்மேல் போர்த்துவது அன்றாட வேலையானது.

பெரிய நிறுவனங்களே திணறின. ஸ்கொயர் எனிக்ஸ் 2006இல் அறிவித்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 13’ என்ற கேம் ஜப்பானில் 2009 டிசம்பரில்தான் வெளியானது. பல கேம்களுக்கும் பொதுவான எஞ்சினை, அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளை, அதே நேரத்தில் உருவாக்கிக்கொண்டிருந்ததால், எதை எப்படிச் செய்வது என்ற வரையறையே முடிவாகாமல் இழுத்தது. நின்டெண்டோவின் முதல் எச்டி கருவியான வீ யூ 2012இல் வந்தது. முன்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆட்கள் தேவைப்படுவதாக மறு ஆண்டு அதன் முன்னணி கேம் வடிவமைப்பாளர் ஷிகெரு மியமோட்டோ சொன்னார்.

ஆகவே ஓவியர் செய்ததை எஞ்சினுக்குள் சிக்கலின்றிக் கொண்டுசேர்ப்பவருக்கு மதிப்பு கூடியது. ‘டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட்’ என்பது அந்தப் பணியின் பெயர். நிரலும் தெரிய வேண்டும், கண்ணும் தேர்ந்திருக்க வேண்டும். உங்கள் மகளிடம் இரண்டுக்கும் வித்து இருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

கணினி அறிவியலில் சேர்த்துவிடுங்கள். கூடவே முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளும் பைத்தான் நிரல்மொழியும் வீட்டிலேயே பழகட்டும், இரண்டும் இலவசம். பெரிய கேம் ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட ஒரு பழைய சைக்கிளை மட்டும் செதுக்கி, வண்ணம் பூசி, எஞ்சினில் ஓடவைத்து முடிக்கட்டும். அந்த உருவம் எத்தனை சிறு முக்கோணங்களால் ஆனது, எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று குறித்துவைக்கட்டும். நேர்காணலில் அந்தச் சைக்கிளைத்தான் துருவிக் கேட்பார்கள்.

லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் பயிற்சி நிறுவனத்துக்கு இப்போதே முன்பணம் கட்ட வேண்டாம். அங்கே படித்தவர்கள் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரப் படங்கள் போதாது; மாணவர்களிடமே நேரில் பேசுங்கள். வெளியீடு நெருங்கும்போது இரவும் பகலும் உழைக்க வைக்கும் வழக்கம் இத்துறையில் உண்டு என்பதையும் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.