சிக்னலில் நின்றால் காரின் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி இறங்குகிறது. எஞ்சின் ஐடிலில், அதாவது சும்மா ஓடும்போது, காற்றை அளந்து விடும் ஐடில் வால்வை மெக்கானிக் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பொறுங்கள். அதே வால்வுக்கு 4,800 ரூபாய் அழுதவன் சொல்கிறேன்.

உங்களுடையதும் பத்து வயது தாண்டிய பெட்ரோல் வண்டியாகத்தான் இருக்கும். என்னுடையது 2013 மாடல். கம்பெனி பெயர் வேண்டாம், அந்த வண்டி வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால், 800 பக்கம் நிற்க வேண்டிய முள் 1,400க்கு ஏறும், 500க்கு விழும். ஏசி போட்டால் அப்படியே ஆஃப். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனிலேயே திட்டுவார்.

மெக்கானிக் முதலில் பிளக் மாற்றினார், அடுத்து த்ராட்டில் பாடியை (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) சுத்தம் செய்தார், அப்புறம் வால்வு. மாற்றிய இரண்டு நாள் சரியானது போலத்தான் இருந்தது. காசு கொடுத்த மயக்கம். மூன்றாம் நாள் அதே ஆட்டம்.

வெறுத்துப்போய், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியு சொல்வதைப் போனில் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவி வாங்கி மாட்டினேன். ஃப்யூல் ட்ரிம் (ஈசியு தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது என்ற எண்) ஐடிலில் +22, 2,500 ஆர்பிஎம்மில் +4. அங்கேயே விடை இருந்தது. த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாய்) வெற்றிடம் அதிகம். ஊசி நுழையும் விரிசல் கூடக் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று, காற்றை அளக்கும் சென்சாரைக் கடக்காமல் போவதால் ஈசியுவுக்குக் கணக்கு தெரியாது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் தடுமாறும், வால்வு திறந்து மூடி அல்லாடும். வேகம் கூடினால் நேர்வழிக் காற்றே ஏராளம், திருட்டுக் காற்று பெரிதாகத் தெரியாது. (காற்றுக்குப் பதிலாக மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டியில் இந்த எண்கள் இப்படி வராது, ஐடில் ஏறியே நிற்கலாம். அதைச் சொல்லவில்லை என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

அப்புறம் பார்க்கிங்கில் பானட்டைத் திறந்து, துணி சுற்றிய பிளையரால் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கினேன். பிசிவி வால்விலிருந்து (எஞ்சினுக்குள் தேங்கும் வாயுவை வெளியேற்றுவது) மேனிஃபோல்டுக்குப் போகும் குழாயை நசுக்கியதும் முள் அடங்கியது. கழற்றிப் பார்த்தால் வளைவின் அடிப்பக்கம் விரிசல். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி. புதுக் குழாய் 180 ரூபாய். கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்துக் கண்டுபிடிப்பதுதான் சுலபம் என்பார்கள். தெரியும். சூடான எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்தில் தீப்பிடிக்கும் சாமானை அடிக்க எனக்குத் தைரியமில்லை. சோப்புத் தண்ணீர் போதும்.

இதில் பெரிய அவமானம், முதல் வாரமே அம்மா சொல்லிவிட்டார், "வெயிட் போடாத குக்கர் மாதிரி சீறுதேடா" என்று. நான்தான் காதில் வாங்கவில்லை.

அந்த அரை மணி நேரத்துக்கு எங்கள் குடியிருப்புச் செயலாளர் குரூப்பில் மெசேஜ் போட்டார், பார்க்கிங்கில் ஒர்க்‌ஷாப் நடத்தக் கூடாதாம். லிஃப்ட் வாசலில் அவருடைய இரண்டு ஸ்கூட்டர்கள் நிற்பதைப் பற்றி எந்த மெசேஜும் வந்ததில்லை.

சரி, உங்கள் விஷயம். பிரேக் மிதிக்கும்போது ஐடில் மாறினாலோ, பெடல் கல் மாதிரி இருந்தாலோ, பிரேக் பூஸ்டர் குழாயை (மேனிஃபோல்டு வெற்றிடத்தை எடுத்துப் பெடலை லேசாக்குவது பூஸ்டர்) இன்றைக்கே பாருங்கள். அதில் விளையாட வேண்டாம். மீறி வால்வை மாற்றினால் பழையதைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். நான் போய்க் கேட்டபோது, "அது காயலான் கடைக்குப் போயிருச்சே சார்" என்றார் மெக்கானிக்.