தொப்பியிலிருந்து ஷூ வரை: வாசகர் கேள்வி–பதில்

(1980களின் நியூயார்க் ஹிப்-ஹாப் தெருப்படங்களைப் பற்றி வந்த கேள்விகள்)

கேள்வி: புகைப்படக்காரர் ஜமேல் ஷபாஸ் நியூயார்க்கின் புரூக்ளினில் எடுத்த படங்களில் இளைஞர்கள் நேராக கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். இதெல்லாம் தெருப்படக் கணக்கில் வருமா?

பதில்: தாராளமாக வரும். ஆளுக்குத் தெரியாமல் எடுத்தால்தான் தெருப்படம் என்பது பாதி உண்மை. ஷபாஸ் முதலில் பேச்சுக் கொடுப்பார், கையிலிருக்கும் ஆல்பத்தைக் காட்டுவார், சம்மதம் கிடைத்த பிறகுதான் படம். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து நிற்கும் அந்த நிலையும் உடையைப் போலவே ஸ்டைலின் பகுதி. ஒளிந்து எடுத்திருந்தால் கேங்கோல் தொப்பியின் நிழலில் கண்கள் மறைந்திருக்கும், தடித்த லேஸ் கட்டிய ஷூ படத்துக்கு வெளியே போயிருக்கும்.

கேள்வி: அப்படி முழு உருவப் படம் எடுத்தால் எனக்குக் கால்கள் குட்டையாகவும் தலை பெரிதாகவும் விழுகின்றன. லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸில் இல்லை, நீங்கள் நிற்கும் இடத்தில். 28 மி.மீ. லென்ஸோடு கிட்டே போய், கண் உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் இப்படித்தான் வரும். 35 மி.மீ. பிலிம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு, கேமராவை நெட்டாகப் பிடித்து, 3 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு ஆள் முழுதாக அடங்குவார். கேமரா அவருடைய இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தால் போதும். நாலு பேர் குழு என்றால் கேமராவைக் கிடையாகப் பிடித்து நாலரை மீட்டர்.

முன்னால் இருவர் குந்த, பின்னால் இருவர் நிற்கும் அமைப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். 3 மீட்டரில் எஃப் 2.8 (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்) வைத்தால் கூர்மையாக இருப்பது 60 செ.மீ. ஆழம்தான், பின்வரிசை கலங்கிவிடும். எஃப் 8 வைத்தால் ஏறத்தாழ 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை தெளிவு. குழு நாலரை மீட்டரில் இருந்தாலும் எஃப் 8-ஐ விடாதீர்கள்.

கேள்வி: கருநிற முகங்கள் வெள்ளைச் சுவர் முன்னால் இருண்டுவிடுகின்றன. சப்வேயில், அதாவது பாதாள ரயிலில், எடுத்தாலோ எல்லாம் பச்சை.

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்கள். கேமராவின் ஒளி மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே கணக்குப் போடும். சுவரின் வெளிச்சத்தைக் கண்டதும் எக்ஸ்போஷரை, அதாவது பிலிமில் விழும் ஒளியை, குறைக்கும், முகத்தின் விவரம் போய்விடும். அங்கே ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும்) கூட்டுங்கள். கிட்டே போய் கருநிற முகத்தை மட்டும் அளந்தால் நிலைமை தலைகீழ்: மீட்டர் அதை வெளுக்கச் செய்யும், ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். நெகட்டிவ் பிலிம் ஒரு ஸ்டாப் கூடினாலும் தாங்கிக்கொள்ளும். ஸ்லைடு பிலிம் அரை ஸ்டாப் தவறினாலே காட்டிக்கொடுக்கும்.

பச்சைக்குக் காரணம் ட்யூப் லைட். பகல் வெளிச்சத்துக்கான பிலிமில் 30 அளவு மெஜந்தா (கருஞ்சிவப்பு–ஊதா) ஃபில்டர் மாட்டி, மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் கூட்டினால் பெரும்பாலும் சரியாகும். அதோடு ஃபிளாஷும் அடித்தால் முகம் ரோஸ் நிறமாகிவிடும். ஃபிளாஷுக்குப் பச்சை ஜெல் (நிறத் தாள்) ஒட்டுங்கள், அல்லது ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பின்னணி பச்சையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். அந்தப் பச்சை அந்தக் காலத்துப் படங்களுக்கே உரிய அழகு என்பது எங்கள் கட்சி.

ஃபிளாஷ் கணக்கு எளிது. கைடு நம்பர் என்பது ஃபிளாஷின் வலு; அதைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும். ஐஎஸ்ஓ 100 வேகமுள்ள பிலிமில் கைடு நம்பர் 24 என்றால், 3 மீட்டருக்கு எஃப் 8. கேனான் ஏஇ-1 போன்ற கேமராவில் ஷட்டர் வேகம் 1/60 நொடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுப்பாக வரும். பெரிய கண்ணாடி அணிந்தவர் என்றால் முகவாயைச் சிறிது தாழ்த்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கண்ணுக்குப் பதில் வெள்ளைப் பொட்டுதான் விழும்.

கேள்வி: கிராஃபிட்டியைப் (சுவர், ரயில் மேல் வரையும் தெரு ஓவியம்) படமெடுத்த ஹென்றி சால்ஃபன்ட் ஒரு முழு ரயில் பெட்டியையே நேராக எடுத்தது எப்படி?

பதில்: ஒரே படம் அல்ல. எதிர் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு இணையாக நடந்தபடி, பிலிமைத் தானே நகர்த்தும் மோட்டார் டிரைவ் கேமராவால் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பல படங்கள் எடுத்து, பிரிண்டுகளை வெட்டி ஒட்டினார். நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பியிருந்தால் பெட்டியின் ஓரங்கள் சரிந்திருக்கும்.

கேள்வி: பழைய பிரிண்ட் ஒன்றில் அடிடாஸ் சூப்பர்ஸ்டார் ஷூ தெரிகிறது. 1986 என்று போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஷூ 1969-லேயே கடைக்கு வந்துவிட்டது. ராப் குழுவான ரன் டிஎம்சி 1986-இல் அதைப் பாடலாகப் பாடியதால் மட்டும் படத்துக்கு வயது சொல்ல முடியாது. பொருள்கள் ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று மட்டுமே சொல்லும்: நைக்கியின் ஏர் ஜோர்டன் ஷூ தெரிந்தால் 1985-க்கு முன் இல்லை. மறுபக்க வரம்புக்குப் பின்னணியைப் பாருங்கள். கிராஃபிட்டி மூடிய பெட்டி பயணிகளோடு ஓடுகிறதா? நியூயார்க் சப்வே 1989 மே மாதத்தில் அப்படிப்பட்ட கடைசிப் பெட்டியையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

கேள்வி: நியூயார்க் தெருவில் எடுத்த முகத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாமா?

பதில்: எடுக்கத் தடையில்லை, விற்பதுதான் சிக்கல். அந்த மாநிலத்தின் சிவில் உரிமைச் சட்டம் 50, 51 பிரிவுகள்படி, விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ ஒருவர் உருவத்தைப் பயன்படுத்த அவருடைய எழுத்துச் சம்மதம் தேவை. கலைப்படமாகக் காட்சிக்கு வைப்பதை நீதிமன்றம் இதில் சேர்க்கவில்லை. டி-ஷர்ட் என்றால் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சப்வே நிலையத்தில் டிரைபாட், ரிஃப்ளெக்டர், தனி விளக்கு எதற்கும் அனுமதி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.